நம்ம பக்கம் ஓடிய லேலண்ட் எங்கே செய்தது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்

வாவிக்கரை (கல்லடி)

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஓடிய பஸ், லொறிகளைப் பற்றி எழுதிவைக்க வேண்டும் என்று கனகாலமாக நினைப்பு. பழைய இ.போ.ச. (இலங்கை போக்குவரத்துச் சபை) பஸ் என்றால் எங்கள் ஆட்கள் யோசிக்காமல் லேலண்ட் என்பார்கள். ஆனால் ஒருவர் அது இங்கிலாந்துச் சாமான் என்கிறார், இன்னொருவர் மெட்ராஸில் செய்தது என்கிறார், மூன்றாமவர் கொழும்புப் பக்கத்துப் பனாகொடையில் பாகங்களைச் சேர்த்துப் பூட்டியது என்று அடித்துச் சொல்கிறார். எது சரி? அந்தக் கம்பனி இன்றைக்கும் இருக்கிறதா? லொறிகளைப் பற்றியும் எழுதலாம்.

களுவாஞ்சிக்குடி கராஜ்

மூன்றுமே சரிதான் தம்பி, காலம்தான் வேறு. முதலிலிருந்து சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

லேலண்ட் என்பது இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கத்து ஊர். அங்கே 1896இல் லங்காஷயர் ஸ்டீம் மோட்டர் கம்பனி என்று நீராவி வண்டி செய்யத் தொடங்கியவர்கள், 1907இல் லேலண்ட் மோட்டர்ஸ் ஆனார்கள். லொறியும் பஸ்ஸும்தான் அவர்களுடைய தொழில். 1927இல் டைட்டன் என்ற இரட்டைத்தட்டு பஸ்ஸையும் டைகர் என்ற ஒற்றைத்தட்டு பஸ்ஸையும் இறக்கினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து 1947இல் கொமெட் வந்தது. நம்முடைய கதைக்கு அந்தக் கொமெட்தான் முக்கியம்.

மெட்ராஸில் ரகுநந்தன் சரண் 1948 செப்டெம்பரில் அசோக் மோட்டர்ஸ் என்ற கம்பனியைத் தொடங்கினார். அசோக் என்பது அவருடைய மகனின் பெயர். மெட்ராஸ் பக்கத்து எண்ணூரில் முதலில் பூட்டியது லொறியுமில்லை, பஸ்ஸுமில்லை. ஓஸ்டின் ஏ40 கார். 1950இல் லேலண்டோடு ஒப்பந்தம் செய்து, கொமெட் லொறியின் பாகங்களை இறக்கி அங்கே பூட்டத் தொடங்கினார்கள். சரண் ஒரு விமான விபத்தில் இறந்துபோனார். அதற்குப் பிறகு லேலண்ட் பங்கு வாங்கி உள்ளே வர, 1955இல் அசோக் லேலண்ட் என்ற பெயர் நிலைத்தது.

இதற்குள் நடந்த ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. 1953 அளவில் இந்திய அரசு, வெளிநாட்டுப் பாகங்களைக் கொண்டுவந்து வெறுமனே பூட்டி விற்கும் வேலைக்கு இனி இடமில்லை, உள்ளூரில் பாகம் செய்யும் திட்டம் உள்ளவர்கள் மட்டும் நிற்கலாம் என்று முடிவெடுத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டர்ஸும் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். லேலண்ட் போகவில்லை, எண்ணூரில் பாகம் செய்யச் சம்மதித்தது. 1967இல் எண்ணூர் டைட்டன் இரட்டைத்தட்டு பஸ் வந்தபோது அதில் பாதிப் பாகம் இந்தியாவில் செய்தது. 1970இல் ஹிப்போ டிப்பர் 1,000 எண்ணம் இந்திய இராணுவத்துக்குக் கொடுத்தார்கள். 1976இல் வைகிங் பஸ், 1978இல் பின்னால் எஞ்சின் வைத்த சீட்டா, 1980இல் பல அச்சுள்ள டோரஸ் லொறி, ஓசூரில் இரண்டாவது தொழிற்சாலை.

இனி நம்ம பக்கம். 1958 ஜனவரி 1ஆம் தேதி தனியார் பஸ் கம்பனிகளையெல்லாம் அரசு எடுத்து இலங்கை போக்குவரத்துச் சபை ஆக்கியது. அப்போது கைக்கு வந்த பஸ்களில் லேலண்ட், அல்பியன், பெட்போர்ட் என்று பல சாதி கலந்து கிடந்தது. அந்தக் காலத்து லேலண்ட் இங்கிலாந்துச் சாமான். 1982இல் அரசுக்குச் சொந்தமான லங்கா லேலண்டும் எண்ணூர்க் கம்பனியும் சேர்ந்து லங்கா அசோக் லேலண்டைத் தொடங்கின. தொழிற்சாலை பனாகொடையில். எண்ணூர்ப் பாகங்களைக் கொண்டுவந்து அங்கே பூட்டினார்கள். ஆகையால் நீங்கள் சின்ன வயதில் ஏறியது 80களுக்குப் பிந்திய வைகிங் என்றால், பிறந்த இடம் எண்ணூர், பூட்டிய இடம் பனாகொடை என்று எழுதலாம்.

மருதமுனை காக்கா

அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் லொறி என்று வந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன். டாட்டாவை விட்டுவிட்டு இந்தப் பக்கத்து லொறிக் கதையை எழுத முடியாது.

டாட்டாவின் கம்பனி 1945இல் டெல்கோ என்ற பெயரில் தொடங்கியது, முதலில் ரயில் எஞ்சின் செய்ய. 1954இல் ஜேர்மனியின் டைம்லர் பென்ஸோடு சேர்ந்து ஜம்ஷெட்பூரில் லொறி செய்தார்கள். அதனால் ஆரம்ப கால லொறிகளின் மூக்கில் பென்ஸ் நட்சத்திரம் இருக்கும். 1969இல் ஒப்பந்தம் முடிந்தது, நட்சத்திரத்தைக் கழற்றிவிட்டு டீ எழுத்தை வைத்தார்கள். லொறியின் மூக்கு அதே மூக்குத்தான். இப்போது கேளுங்கள்: டாட்டா தன் நாட்டுக்கு வெளியே முதன்முதலாக லொறி அனுப்பியது 1961இல், அனுப்பிய நாடு நம்ம இலங்கை. லங்கா அசோக் லேலண்ட் வருவதற்கு இருபத்தொரு வருடம் முந்தி.

வாப்பா 1210 வைத்திருந்தார். 12 தொன் மொத்த எடை, 100 குதிரை வலு, அதுதான் அந்த இலக்கத்தின் கணக்கு. மருதமுனைச் சாரமும் சேலையும் கட்டுக் கட்டாகக் கொழும்புக்குப் போகும், திரும்பி வரும்போது நூல் வரும். வெள்ளாமை வெட்டு முடிந்த காலத்தில் நெல்லு. வைக்கோல் வேறு. வாழைச்சேனைக் கடதாசி ஆலைக்கு வைக்கோல்தானே மூலப்பொருள், மட்டக்களப்பு, அம்பாறை வயல்களிலிருந்தெல்லாம் லொறி லொறியாகப் போகும். வைக்கோல் ஏற்றிய லொறியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாரம் குறைவு, உயரமும் அகலமும்தான் ஆபத்து. ஓட்டமாவடிப் பாலத்தில் ரயிலும் மோட்டார் வண்டிகளும் ஒரே பாதையில் போன காலம் அது. புதிய வீதிப்பாலம் 2010இல்தான் வந்தது. ரயில் வருமா என்று பார்த்து நின்று, மறுகா அந்த ஒடுக்கத்துக்குள் வைக்கோல் உரசாமல் எடுக்க வேண்டும். வாப்பா ஒரு கையைக் கதவுக்கு வெளியே போட்டு, தகரத்தைத் தட்டித் தட்டிக் கிளீனரோடு பேசிக்கொண்டே கடந்துவிடுவார்.

அக்கரைப்பற்றுத் தம்பி

காக்காமார் கோபிக்க வேண்டாம். நான் மீன் லொறிக்காரன். கல்முனைக்குடியில் ஐஸ் போட்டு ஏற்றினால் விடியுமுன் கொழும்பில் நிற்க வேண்டும். அதற்கு இசுசு எல்ஃப், மிற்சுபிசி கென்டர்தான் சரி. எல்ஃப் 1959இலும் கென்டர் 1963இலும் ஜப்பானில் வந்தவை. 1977க்குப் பிறகு இறக்குமதியைத் திறந்துவிட, பாவித்த ஜப்பான் லொறி கொட்டிக் கிடந்தது. சின்ன உடம்பு, இலகுவான ஸ்டியரிங், எண்ணெய்ச் செலவு குறைவு. இங்கிலாந்து லேலண்ட் தரத்தைக் கவனிக்காததால்தானே மூடப்பட்டது? அந்தப் பெயரை ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும்?

களுவாஞ்சிக்குடி கராஜ்

தம்பி, மீன் ஏற்ற எல்ஃப்தான் சரி, அதில் எனக்கு மறுப்பில்லை. மூன்று தொன் மீனுக்கு யாரும் வைகிங் கேட்கப் போவதில்லை. ஆனால் இங்கிலாந்து லேலண்ட் விழுந்த காரணம் நீங்கள் நினைப்பது மட்டுமில்லை.

1968இல் லேலண்டையும் இங்கிலாந்தின் பெரிய கார்க் கம்பனிகளையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்து பிரிட்டிஷ் லேலண்ட் ஆக்கினார்கள். லொறியும் பஸ்ஸும் உழைத்ததைக் காரின் நட்டம் தின்றது. புதிய எஞ்சினுக்கும் புதிய தொழிற்சாலைக்கும் போக வேண்டிய காசு காரின் ஓட்டையை அடைக்கப் போனது. 1975இல் அரசு பொறுப்பேற்றது. 1987இல் லொறிப் பிரிவு ஒல்லாந்தின் டாஃப் கம்பனியோடு சேர்க்கப்பட்டது. பஸ் பிரிவைத் தனியாக வெட்டி விற்றார்கள், அது 1988இல் வொல்வோவின் கைக்குப் போய்ச் சில வருடத்தில் பஸ் கட்டுவதே நின்றது. லேலண்ட் டாஃப் 1993இல் முறிந்தது. லேலண்ட் ஊரில் எஞ்சிய லொறித் தொழிற்சாலையை 1998இல் அமெரிக்காவின் பக்கார் வாங்கியது. அங்கே இன்றும் லொறி செய்கிறார்கள், ஆனால் மூக்கில் டாஃப் பெயர்தான்.

அதே 1987இல் எண்ணூர்க் கம்பனியில் பிரிட்டிஷ்காரர்களிடம் இருந்த பங்கை ஹிந்துஜா குடும்பமும் இத்தாலியின் இவெக்கோவும் வாங்கின. ஆக, தாய்க் கம்பனி துண்டு துண்டாகப் போகும்போது பிள்ளை தனியாக நின்றுவிட்டது. நிற்கக் காரணம், நான் முதலில் சொன்ன அந்த 1953. பாகத்தைத் தன் ஊரிலேயே செய்யப் பழகியவனுக்கு, அனுப்புகிறவன் இல்லாமல் போனாலும் தொழில் நிற்காது. நமக்கும் அந்த நன்மை வந்து சேர்ந்தது. இங்கிலாந்தில் லேலண்ட் பஸ் என்ற பெயரே அழிந்த பிறகும் எங்கள் சாலையில் (பஸ் டிப்போவில்) வைகிங்குக்குப் பாகம் வந்துகொண்டிருந்தது.

தரம் பற்றி ஒன்று. லேலண்ட் முழுக் காற்று பிறேக்கில் ஓடியது. காலையில் சாவியைத் திருப்பியவுடன் வண்டியை எடுக்க முடியாது. எஞ்சினை ஓடவிட்டு, டாங்கியில் காற்று ஏறும்வரை நிற்க வேண்டும். காற்றின் அளவு காட்டும் மணிக்கூட்டு முள் மெல்ல மேலே வரும், அதுவரை எச்சரிக்கைச் சத்தம் கத்திக்கொண்டிருக்கும். அவசரக்காரச் சாரதியைக் கூட அந்தச் சத்தம் கட்டிப்போட்டுவிடும். மழைக்காலத்தில் டாங்கியின் அடியில் சேர்ந்த தண்ணீரைத் திறந்துவிடாமல் போனால் வால்வு துருப்பிடிக்கும். எங்கள் சாலையில் அந்தத் தண்ணீர் திறப்பதுதான் காலை வேலையில் முதல் வேலை. கதவு நிறைய ஆள் தொங்கிக்கொண்டு போன பஸ்களை அந்தப் பிறேக்தான் காப்பாற்றியது.

படுவான்கரை மகள்

எனக்கு எஞ்சின் விவரம் தெரியாது. பஸ்ஸுக்கு உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்லலாமா?

கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து பட்டணத்துக்குப் பள்ளிக்கூடம் போன காலம். சாரதிக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடி பெரிதாக எழும்பி நிற்கும், மேலே தடித்த றெக்சின் போர்த்தியிருப்பார்கள். அதன்மேல்தான் எங்கள் புத்தகப் பைகள், சந்தைக்குப் போகிற ஆட்களின் வெற்றிலைக் கூடை, ஒருநாள் உயிரோடு கட்டிய சேவல். மூடியின் ஓரத்தில் முழங்கால் பட்டால் சுடும். கியர் தடி ஆளுயரம் இருக்கும், வண்டி நின்றால் அது தானாக நடுங்கும். சாரதி ஐயா இரண்டு தரம் கிளச்சை மிதித்துத்தான் கியர் மாற்றுவார். மாரியில் எல்லாரும் நனைந்து ஏறினால், அந்த எஞ்சின் சூட்டில் சீருடை காய்ந்துவிடும்.

கல்லடிப் பழைய பாலத்தில் ஒரு பக்கமாகத்தான் போகலாம், எதிரே வருகிறவர்கள் அந்தத் தலையில் நிற்க வேண்டும். புதுப் பாலம் திறந்தது 2013இல். அதுவரை இந்தப் பெரிய பஸ்ஸை அந்த ஒடுக்கமான இரும்புச் சட்டங்களுக்குள் எப்படி எடுத்தார்கள் என்று இப்போது நினைத்தாலும் வியப்புத்தான்.

என் கேள்வி இதுதான். 1978லேயே பின்னால் எஞ்சின் வைத்த பஸ் செய்துவிட்டார்களே, நம்ம பக்கத்துக்கு ஏன் அந்தச் சூட்டையும் சத்தத்தையும் முன்னால் வைத்தே அனுப்பினார்கள்?

களுவாஞ்சிக்குடி கராஜ்

நல்ல கேள்வி தங்கச்சி. கிறவலும் மணலுமான வீதியில் பின் சில்லு கிளப்புகிற புழுதியெல்லாம் பின்பக்கம்தான் சுழலும். அங்கே எஞ்சினையும் றேடியேற்றரையும் வைத்தால் காற்று வடி சீக்கிரம் அடைக்கும், சூடு ஏறும். முன்னால் இருந்தால் ஓடுகிற காற்றே குளிராக்கும். கியருக்கும் கிளச்சுக்கும் நீளமான கம்பிகள் தேவையில்லை. ஒரு சத்தம் மாறினால் சாரதியின் காதுக்குத்தான் முதலில் கேட்கும், வண்டியை ஓரங்கட்டி மூடியைத் தூக்கிப் பார்த்துவிடுவார். அந்த வீதிகளுக்கு அது சரியான இடம். பயணிகளின் சுகத்தை அதில் விட்டுக்கொடுத்தார்கள் என்பதும் உண்மை.

சம்மாந்துறை பொடி வேலை

இவ்வளவு நேரமும் எல்லாரும் கம்பனியைப் பற்றியே பேசுகிறீர்கள். கம்பனி தந்தது என்ன? இரண்டு நீட்டுச் சட்டம், குறுக்குச் சட்டங்கள், எஞ்சின், அச்சு, சில்லு, ஸ்டியரிங். அவ்வளவுதான். பொடி, அதாவது ஆள் இருக்கிற இடமும் நெல்லு ஏற்றுகிற பெட்டியும், தொழிற்சாலையிலிருந்து வரவில்லை. லொறி என்றால் அது எங்கள் கை வேலை.

என் மாமா பெட்போர்டுக்குப் பெட்டி அடித்தவர். பெட்போர்ட் லொறி 1931இல் இங்கிலாந்தில் தொடங்கியது, 1986இல் கம்பனியே லொறி செய்வதை நிறுத்திவிட்டது. ஆனால் அதற்குப் பிறகும் எத்தனை வருடம் இங்கே ஓடியது! காரணம், பெட்டி உக்கினால் பெட்டியை மாற்றினோம். சட்டம் வெடித்தால் தகடு வைத்து ஆணி அடித்தோம். எஞ்சின் போனால் வேறொரு டீசல் எஞ்சினை வைத்துப் பொருத்தினோம்.

ஒரு பெட்டி எப்படி எழும்புகிறது என்று சொல்கிறேன். சட்டத்துக்கு மேலே நீளத்துக்கு இரண்டு தடித்த மரம். அதற்கும் இரும்புக்கும் நடுவே டயர் ரப்பரை வெட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் உரசி உரசி மரம் தேயும். யூ வளைவுக் கம்பியால் சட்டத்தோடு சேர்த்து இறுக்குவோம். சட்டத்தில் துளை போடக் கூடாது, துளை போட்ட இடத்தில்தான் நாளைக்கு வெடிக்கும். பாரம் ஏற்றி ஒரு பாட்டம் ஓடிய பிறகு எல்லாக் கம்பியையும் திரும்ப இறுக்க வேண்டும். குறுக்கு மரத்துக்குச் சவண்டலை மரம் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. வளைந்து கொடுக்கும், முறியாது. வண்டிலுக்கும் வள்ளத்துக்கும் முந்திய ஆட்கள் அதைத்தான் தேடினார்கள். அடித்தட்டுப் பலகையை நெருக்கமாகப் போட வேண்டும், மூட்டை கிழிந்தால் நெல்லுக் கீழே கொட்டக் கூடாது. போடியார்மார் (வயல் சொந்தக்காரர்) பெட்டி பார்க்க வரும்போது முதலில் குனிந்து அடித்தட்டைத்தான் பார்ப்பார்கள்.

டாட்டா, லேலண்ட் இரண்டிலும் வேலை செய்திருக்கிறேன். டாட்டாச் சட்டத்தில் பெட்டி வைக்க இலகு. லேலண்ட் சட்டம் கனம், பாரத்துக்குத் தாங்கும். எது நல்லது என்று கேட்டால் எந்த வீதி, என்ன சாமான் என்று திருப்பிக் கேட்பேன்.

இன்றைக்குக் கென்டர் பெட்டியோடேயே ஜப்பானிலிருந்து வருகிறது. எங்கள் பட்டறையில் இப்போது ஒட்டு வேலையும் பெயின்ட் வேலையும்தான். என் மகன்மார் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. அதை வருத்தமாகவே எழுதுகிறேன்.

மருதமுனை காக்கா

சம்மாந்துறைத் தம்பி சொன்னதற்கு மேலே ஒன்று. 1978இல் சபையைப் பிராந்தியமாகப் பிரித்து, 1979இல் தனியார் பஸ்ஸுக்கு இடம் விட்டபோது, பொடி கட்டுகிற ஆட்களுக்குத்தான் பெரிய வேலை வந்தது. சில்லும் சட்டமும் வாங்கிக் கொடுத்தால் பஸ்ஸாக்கித் தருவார்கள். 1991இல் சபையின் டிப்போக்களையே மக்கள் கம்பனிகளாக மாற்றினார்கள், 2005இல் திரும்ப ஒரே சபை ஆக்கினார்கள். கம்பனியின் பெயர்ப்பலகை மாறிக்கொண்டே இருந்தது, வண்டி அதேதான், பார்த்துக்கொண்ட மெக்கானிக்கும் அதே ஆள்தான்.

வாவிக்கரை (கல்லடி)

நான் நினைத்ததை விட நிறையக் கிடைத்துவிட்டது. இன்னும் ஒன்று கேட்கிறேன். வைகிங் என்ற பெயர் எண்ணூரில் வைத்ததா?

களுவாஞ்சிக்குடி கராஜ்

பெயர் பழசு. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் அல்பியன் என்ற லொறிக் கம்பனி 1899இலிருந்து இருந்தது. 1951இல் லேலண்ட் அதை வாங்கியது. 1960களில் அல்பியன் வெளிநாட்டுக்கு அனுப்பச் செய்த முன் எஞ்சின் பஸ் ஒன்றுக்கு வைகிங் என்று பெயர். பிறகு அதே பெயர் எண்ணூர் பஸ்ஸில் வந்தது. லேலண்ட் வீட்டில் பெயர்கள் இப்படித்தான் கைமாறும். 1927இன் டைட்டனும் திரும்ப 1967இல் எண்ணூரில் வந்ததே.

அக்கரைப்பற்றுத் தம்பிக்கும் ஒரு செய்தி. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ரோ என்ற பஸ் பொடி கட்டும் தொழிற்சாலை லேலண்டிடம் இருந்தது. 1984இல் லேலண்ட் அதை மூடியது. வேலை இழந்த ஆட்களில் சிலர் சேர்ந்து 1985இல் அதே இடத்தில் ஒப்டேர் என்ற கம்பனியைத் தொடங்கினார்கள். 2010இல் அசோக் லேலண்ட் அதில் 26 வீதம் வாங்கியது, 2011 முடிவில் 75 வீதமாக்கியது. மெட்ராஸ் பிள்ளை போய், தாய் கைவிட்ட பட்டறையின் வாரிசை வாங்கியிருக்கிறது. ஒப்டேர்தான் 2020இல் சுவிட்ச் மொபிலிட்டி என்று பெயர் மாறி மின்சார பஸ் பக்கம் போனது.

அக்கரைப்பற்றுத் தம்பி

இது எனக்குப் புதுச் செய்தி. 2023இல் இந்தியக் கடனில் வந்து இ.போ.ச.வுக்குக் கொடுத்த பஸ்களும் அசோக் லேலண்ட்தானே, அதைப் பார்த்தபோது பழைய பெயர் மட்டும்தான் எஞ்சியிருக்கிறது என்று நினைத்தேன். மின்சார பஸ் நம்ம பக்கம் வந்தால் ஏ4 வீதியில் பொத்துவில் வரைக்கும் ஒரே மட்டம், ஏற்றம் இறக்கம் இல்லை. பற்றரிக்கு இதைவிட நல்ல வீதி இலங்கையில் குறைவு. மீன் லொறிக்கும் அப்படி ஒன்று வந்தால் முதலில் நான்தான் வாங்குவேன்.

சம்மாந்துறை பொடி வேலை

வாங்குங்கள் தம்பி, ஐஸ் பெட்டியை மட்டும் நம்ம ஊரில் அடியுங்கள்.

வாவிக்கரை (கல்லடி)

எல்லாருக்கும் நன்றி. கம்பனியின் கதையையும் நம்ம பட்டறைகளின் கதையையும் சேர்த்தே எழுதப் போகிறேன், ஒன்றை விட்டு மற்றதை எழுதினால் குறையாகத்தான் இருக்கும். கல்முனை, அக்கரைப்பற்று, ஏறாவூர், வாழைச்சேனை சாலைகளில் வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் கீழே எழுதுங்கள். முக்கியமாகத் தேவைப்படுவது மூன்று: பழைய பஸ்ஸின் சட்டத்தில் அறைந்திருக்கும் தகட்டின் படம், பெட்டி அடித்த பட்டறைகளின் ஊர்ப் பெயர், வைக்கோல் லொறி ஏற்றி நிற்கும் படம் ஒன்றாவது. கராஜ் அண்ணன், காற்று டாங்கியில் தண்ணீர் திறப்பது போன்ற சாலை வேலைகளைத் தனியாக ஓர் இழையில் எழுத முடியுமா?

களுவாஞ்சிக்குடி கராஜ்

எழுதுகிறேன். முதலில் பிறேக், அதற்குப் பிறகு ஸ்பிறிங் தட்டு. படுவான்கரை வீதியில் முறிந்த தட்டுகளைப் பற்றி எழுதவே ஓர் இழை வேண்டும்.